பகாவ் பக்கத்துப் பழைய வீடு: தீபாவளிக்கு முன் சீலிங்கை இடிக்கலாமா?

உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். இதே நிலைமையில் இருக்கும் மற்றவர்களும் படிப்பார்கள்.

மலேசியாவின் நெகிரி செம்பிலான் மாநிலத்துப் பகாவ் பக்கத்தில், தோட்ட நிலம் வீடமைப்புக்குப் போனபோது அப்பா வாங்கிய வீடு. 1980களின் தொடக்கத்தில் கட்டியது. முன்பகுதிக்கு அலையலையான சாம்பல் நிற ஷீட் கூரை. அறைகளுக்குள் மரச்சட்டம் அடித்த தட்டையான சீலிங். பின்னால் அப்பா சேர்த்துக் கட்டிய சமையலறைக்குத் தகரக் கூரை. வெயில் தாங்கவில்லை என்று, ஆலையில் கழற்றிப் போட்ட பாய்லர் காப்புப் பொருளைக் கொண்டுவந்து அந்தச் சமையலறைச் சீலிங்குக்கு மேல் பரப்பியிருக்கிறார். அவர் செம்பனை ஆலையின் பாய்லர் பகுதியில் இருபது ஆண்டுகளுக்கு மேல் வேலை செய்தவர். இப்போது தீபாவளி விடுமுறையில் அண்ணன் தம்பிகள் எல்லாரும் கூடி, கோத்தோங் ரோயோங் மாதிரி ஒரே நாளில் சீலிங்கை இடித்துவிட்டுப் புதிதாகப் போடலாம் என்கிறார்கள். அக்கா கர்ப்பமாக இருக்கிறார். பழைய வீடுகளில் இருக்கும் அஸ்பெஸ்டாஸ் என்ற கனிம நாரைப் பற்றி நீங்கள் இணையத்தில் தேடிப் படித்துப் பயந்துபோய், வீட்டைக் காலி செய்ய வேண்டுமா என்று கேட்கிறீர்கள்.

நிரந்தரமாகக் காலி செய்ய வேண்டாம், தங்கச்சி. ஆனால் அந்த ஒரு நாள் இடிப்பு வேலையை இன்றே நிறுத்தச் சொல்லுங்கள். செம்பனை ஆலைகளில் பல வருடம் பாதுகாப்பு வேலை பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: உங்கள் வீட்டில் மூன்று வெவ்வேறு விஷயங்கள் இருக்கின்றன. அறைச் சீலிங்கும் கூரையும் ஒன்று. சமையலறைக்கு மேல் இருக்கும் பாய்லர் காப்பு இன்னொன்று. மூன்றாவது உங்கள் அப்பா. கேள்வியில் நீங்கள் போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போன அவருடைய பாய்லர் வேலைதான் எனக்கு எல்லாவற்றையும் விடப் பெரிதாகப் படுகிறது. அதற்குக் கடைசியில் வருகிறேன்.

முதலில் நீங்கள் படித்ததைப் பற்றி. வீட்டுப் பரணில் கொட்டிக் கிடக்கும் மினுமினுப்பான சிறு துகள்கள் என்று அமெரிக்கர்கள் எழுதுவது வெர்மிகுலைட் என்ற பொருள். குளிர் தாங்குவதற்காக அங்கே கூரைக்கடியில் கொட்டிவைத்தார்கள். அதில் பெரும்பகுதி மொன்டானா மாநிலத்தில் லிபி என்ற ஊரின் சுரங்கத்திலிருந்து வந்தது. அந்தச் சுரங்கத்துப் பாறையிலேயே அஸ்பெஸ்டாஸ் கலந்திருந்தது. 1990ல் சுரங்கத்தை மூடினார்கள். நம் ஊர் வீட்டுக்கு அந்தக் கதை பொருந்தாது. இங்கே குளிரும் இல்லை, அந்தக் காலத்துச் சிறு வீடுகளுக்குக் காப்பு போடும் வழக்கமும் இல்லை. பிற்காலத்தில் யாராவது கூரைக்கடியில் மஞ்சளாகவோ இளஞ்சிவப்பாகவோ பஞ்சு மாதிரி விரித்திருந்தால், அது பெரும்பாலும் கண்ணாடி நார். உடம்பு அரிக்கும், ஆனால் அஸ்பெஸ்டாஸ் இல்லை. நம் நாட்டு வீடுகளில் அஸ்பெஸ்டாஸ் முக்கியமாக இருப்பது சிமெண்டோடு கலந்து செய்த ஷீட்டுகளில்தான்.

அந்த ஷீட்டில் நார் எடையளவில் ஏறத்தாழ 10 முதல் 15 விழுக்காடு இருக்கும். மற்றது சிமெண்ட். நார் சிமெண்டுக்குள் இறுகிக் கிடக்கும்வரை காற்றில் பறக்க வழியில்லை. முழுசாக இருக்கும் சீலிங்குக்குக் கீழே நாற்பது வருடம் படுத்துத் தூங்கியிருந்தாலும், அதனால் நீங்கள் சுவாசித்த நார் மிகக் குறைவு. உடைக்கும்போதும், அறுக்கும்போதும், துளை போடும்போதும், மணல்தாள் வைத்துத் தேய்க்கும்போதும்தான் நார் வெளியே வருகிறது. அது கண்ணுக்குத் தெரியாத மெல்லிய இழை. நுரையீரலின் அடிவரை போய்த் தங்கிவிடும், உடம்பால் அதைக் கரைக்க முடியாது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு எல்லா வகை அஸ்பெஸ்டாஸையும் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் முதல் பிரிவில் வைத்திருக்கிறது. ஆகவே நாற்பது வருடம் சும்மா இருந்த சீலிங்கை, கதவைச் சாத்திக்கொண்டு, சுத்தியலால் தட்டி ஒரே நாளில் கீழே தள்ளினால், அந்த நாற்பது வருடத்தில் வராத தூசியை அந்த ஒரு நாளில் நீங்களே கிளப்பிவிடுவீர்கள். அண்ணன்மார் வாயில் துண்டைக் கட்டிக்கொள்வார்கள், மாலையில் பிள்ளைகள் துடைப்பத்தால் கூட்டுவார்கள். நல்ல எண்ணத்தோடு செய்யும் வேலைதான், ஆனால் இந்த வீட்டில் நடக்கக்கூடிய மிக மோசமான காரியமும் அதுதான்.

பார்த்துச் சொல்ல முடியுமா என்றால், முடியாது. பிற்காலத்தில் வந்த ஷீட்டுகளில் அஸ்பெஸ்டாஸுக்குப் பதிலாக மரக்கூழ் நார் கலந்தார்கள். இரண்டும் ஒரே சாம்பல் நிறம், தட்டினால் ஒரே சத்தம். 1980களின் தொடக்கத்து வீடு என்பதால், ‘இருக்கிறது’ என்று வைத்துக்கொண்டே நடந்துகொள்ளுங்கள். உறுதியாகத் தெரிய வேண்டுமானால் பரிசோதனைக்கு அனுப்பலாம். நுண்ணோக்கியில் துருவ ஒளியில் பார்க்கும் சோதனை, நார் எந்த வகை என்றுகூடத் தெரியும். சாம் என்ற தேசிய ஆய்வுக்கூட அங்கீகாரத் திட்டத்தின் அங்கீகாரம் பெற்ற ஆய்வுக்கூடமாகப் பாருங்கள். பாங்கியில் இருக்கும் நியோஷ் என்ற தேசிய வேலையிடப் பாதுகாப்பு சுகாதாரக் கழக அலுவலகத்தில் முதலில் விசாரிக்கலாம், அவர்கள் வழி சொல்வார்கள். சிமெண்ட் ஷீட்டிலிருந்து மாதிரி எடுப்பதாக இருந்தால், மின்விசிறியை நிறுத்தி, பிள்ளைகளை வெளியே அனுப்பிவிட்டு, ஏற்கெனவே உடைந்திருக்கும் ஓரத்தில் சோப்புத் தண்ணீர் தெளித்து ஊறவிடுங்கள். குறடால் கட்டை விரல் நகம் அளவு ஒரு துண்டு போதும். இரட்டைப் பிளாஸ்டிக் பையில் போட்டு மூடி, உடைத்த இடத்தில் டேப் ஒட்டி, ஈரத்துணியால் துடைத்து, அந்தத் துணியையும் பையில் போட்டுவிடுங்கள். இது சிமெண்ட் ஷீட்டுக்கு மட்டும். சமையலறைக்கு மேல் இருப்பதில் கை வைக்கக் கூடாது.

சீலிங் முழுசாக இருந்தால் என் யோசனை அதை அப்படியே விடுவது. அழகாக இல்லை என்றால் தேய்க்காமல், சுரண்டாமல், மேலாகப் பெயிண்ட் அடியுங்கள். அதுவே மேற்பரப்பைப் பிடித்து வைக்கும். இன்னும் வேண்டுமென்றால் அதற்குக் கீழே புதுச் சீலிங் போடலாம், சட்டத்தைச் சுவரில் பிடித்து நிறுத்த வேண்டும், பழைய ஷீட்டில் திருகு இறக்கக் கூடாது. வயரிங்காரர், சிசிடிவி பொருத்துபவர், விளக்குக்கு வட்டமாகத் துளை வெட்டுபவர் எல்லாரிடமும் ஏணி வைக்கும் முன்பே சொல்லிவிடுங்கள். ஒரு சின்னத் துளைதானே என்று வருடத்துக்கு இரண்டு என்று போடுவதும் சேர்ந்துகொண்டே போகும்.

கூரை வேறு பிரச்சினை. பாசி படிந்து கறுத்துவிட்டதென்று வாட்டர் ஜெட் அடிப்பதை நம் தாமான் குடியிருப்புகளில் நிறையப் பார்க்கிறேன். பழைய ஷீட்டின் மேல்தோலை அந்த வேகத் தண்ணீர் அரித்துவிடும், நார் வாசலிலும் சாக்கடையிலும் பக்கத்து வீட்டிலும் போய்ப் படியும். காய்ந்த பிறகு காற்றில் எழும். அடிக்காதீர்கள். அப்புறம், அந்தக் கூரைமேல் யாரையும் ஏறவிடாதீர்கள். நாற்பது வருடத்து அஸ்பெஸ்டாஸ் ஷீட் ஆள் பாரம் தாங்காது. கால் வைத்த இடத்தில் நொறுங்கி ஆளோடு கீழே வரும். புற்றுநோய் பல வருடம் கழித்து வருவது, கூரையிலிருந்து விழுந்தால் உயிர் அன்றைக்கே போகும். மழைத்தண்ணீர் பிடிப்பதைப் பற்றிப் பலர் கேட்பார்கள். குடிநீரில் இருக்கும் அஸ்பெஸ்டாஸ் உடம்புக்குக் கேடு என்பதற்கு உறுதியான சான்று இல்லை என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் நிலை. ஆபத்து சுவாசிப்பதில்தான்.

கழற்றியே ஆக வேண்டிய ஷீட் என்றால், அதாவது விரிசல் விட்டுத் தொங்குகிறது, ஒழுகுகிறது என்றால், அதற்கென்று அனுபவமுள்ள குத்தகைக்காரரைத் தேடுங்கள். அவரிடம் மூன்று கேள்வி போதும். இதற்கு முன் அஸ்பெஸ்டாஸ் எங்கே கழற்றினீர்கள்? உங்கள் ஆட்களுக்கு என்ன சுவாசக் கவசம் கொடுக்கிறீர்கள்? கழிவு எங்கே போகிறது, அதற்கு என்ன பத்திரம் தருவீர்கள்? மூன்றாவது கேள்விக்கு ‘அதெல்லாம் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்’ என்று பதில் வந்தால் வேறு ஆளைப் பாருங்கள். அந்தப் பதிலுக்கு அர்த்தம், இரவில் ஏதோ ஒரு செம்பனைக் காட்டோரம் லோரி நிற்கப்போகிறது என்பதுதான்.

வேலை எப்படி நடக்க வேண்டும் என்று உங்களுக்கும் தெரிந்திருப்பது நல்லது. வீட்டில் யாரும் இருக்கக் கூடாது. சாமான்களை வெளியேற்றி, தரைக்கும் ஜன்னலுக்கும் கனமான பிளாஸ்டிக் விரிக்க வேண்டும். ஷீட்டைச் சோப்புத் தண்ணீரால் நனைத்துக்கொண்டே, ஆணியையும் திருகையும் எடுத்து, முழு ஷீட்டாக இருவர் பிடித்து இறக்க வேண்டும். மின் ரம்பம், கிரைண்டர் எதுவும் கூடாது. மேலிருந்து எறியக் கூடாது. தடித்த பிளாஸ்டிக்கில் இரண்டு சுற்று சுற்றி, டேப் ஒட்டி, மேலே என்னவென்று எழுத வேண்டும். தரையைத் துடைப்பத்தால் பெருக்காமல் ஈரத்துணியால் துடைக்க வேண்டும். சாதாரண வேக்கும் கிளீனர் நாரை அடுத்த பக்கம் ஊதித் தள்ளிவிடும், நுண்துகளைப் பிடிக்கும் ஹெப்பா வடிகட்டி உள்ளதுதான் வேண்டும். மூக்குக்கு மருத்துவ மாஸ்க் உதவாது, கோவிட் காலத்து என்95 கூட இந்த வேலைக்குப் போதாது. முகத்தோடு ரப்பர் ஒட்டிப் பிடிக்கும், நுண்தூசியைத் தடுக்கும் பி100 வகை வடிகட்டி பொருத்திய கவசம் வேண்டும். தாடி இருந்தால் அதுவும் ஒட்டாது.

இதையெல்லாம் நான் உங்கள் குடும்பத்துக்காக மட்டும் எழுதவில்லை. குத்தகைக்காரர் அழைத்துவரும் இந்தோனேசியப் பையனோ வங்காளதேசப் பையனோ வெறும் மூக்கோடு உங்கள் சீலிங்கை இடிக்கும்போது, அவனுக்கும் நுரையீரல் ஒன்றுதான். நம் தாத்தா பாட்டி காலத்தில் தோட்டத்தில் களைக்கொல்லி அடித்தவர்களுக்குக் கவசம் யாரும் கொடுக்கவில்லை. நாம் ஆள் வைக்கும் இடத்துக்கு வந்த பிறகு அதே மாதிரி நடந்துகொள்ளக் கூடாது.

கழிவைப் பற்றி ஒரு வார்த்தை. 2005ஆம் ஆண்டு அட்டவணைக் கழிவு விதிமுறையில் எஸ்டபிள்யூ 201 என்ற குறியீட்டில் அஸ்பெஸ்டாஸ் தூசியும் நாரும் சேறும் வருகின்றன. இவற்றைச் சுற்றுச்சூழல் துறையின் உரிமம் பெற்ற வாகனம்தான் எடுத்துச் செல்லலாம், உரிமம் பெற்ற இடத்தில்தான் புதைக்கலாம். நல்லவேளையாக, அப்படிப்பட்ட நிலையம் உங்கள் மாநிலத்திலேயே போர்ட்டிக்சன் பக்கம் புக்கிட் நானாஸில் இருக்கிறது. வேலை தொடங்குவதற்கு முன் சிரம்பானில் உள்ள சுற்றுச்சூழல் துறை அலுவலகத்துக்கு எழுதி, உங்கள் ஷீட்டுகளையும் சமையலறைப் பொருளையும் என்ன செய்ய வேண்டும் என்று எழுத்தில் பதில் வாங்கிக்கொள்ளுங்கள். கூரையை மாற்றுவதென்றால் உள்ளாட்சி மன்ற அனுமதியையும் அப்போதே கேட்டுவிடலாம். கழற்றிய ஷீட்டைக் கோழிக்கூண்டுக்கு என்று பக்கத்து வீட்டுக்குக் கொடுக்காதீர்கள், உடைத்துப் பள்ளத்தில் போட்டு மிதிக்காதீர்கள். குப்பையோடு எரிக்கவும் கூடாது, நெருப்பில் அது வெடித்துச் சிதறும்.

சரி, சமையலறைக்கு வருவோம். சிமெண்ட் ஷீட்டைப் பற்றி இவ்வளவு நேரம் ‘விட்டுவிடுங்கள்’ என்று சொன்ன நான், இங்கே வேறு மாதிரி சொல்ல வேண்டியிருக்கிறது. பழைய பாய்லருக்கும் நீராவிக் குழாய்க்கும் சுற்றிய காப்பு வெள்ளையாகச் சுண்ணாம்பு மாதிரி இருக்கும், மேலே முரட்டுத் துணி சுற்றியிருக்கும். அந்தக் காலத்தில் உலகம் முழுக்கப் புழங்கிய மெக்னீசியாக் காப்பில் ஏறக்குறைய 15 விழுக்காடு அஸ்பெஸ்டாஸ். பழுப்பு அஸ்பெஸ்டாஸ் கலந்த வகைகளில் அளவு இன்னும் கூடுதலாகவும் இருக்கும். சிமெண்டில் நார் இறுகி நிற்கிறது என்றேன் அல்லவா, இதில் எதுவும் இறுகி நிற்காது. கையால் அழுத்தினாலே மாவாக உதிரும். எலி ஓடினாலும், தகரம் காற்றில் ஆடினாலும், சீலிங் இடுக்கு வழியாகக் கீழே அரிசி வைத்திருக்கும் இடத்தில் வந்து விழும். ஆலையில் கழற்றியது எந்த ஆண்டுப் பொருள், அதில் அஸ்பெஸ்டாஸ் இருக்கிறதா என்பது சோதனையில்தான் தெரியும். ஆனால் தெரியும்வரை இருக்கிறது என்றே நடந்துகொள்ளுங்கள்.

இன்றைக்குச் செய்ய வேண்டியது: சமையலை முன்பகுதிக்கோ வெளித் தாழ்வாரத்துக்கோ மாற்றுங்கள். சமையலறை மின்விசிறியை ஓடவிடாதீர்கள். பாத்திரம், அலமாரி, தரை எல்லாவற்றையும் ஈரத்துணியால் துடைத்து, துணியைப் பையில் கட்டுங்கள். திறந்து கிடந்த அரிசி, மாவு, மசாலா இருந்தால் தூக்கிப் போட்டுவிடுங்கள். கதவைச் சாத்தி இடுக்கில் டேப் ஒட்டுங்கள். மேலே ஏறிப் பார்க்க யாரும் சீலிங்கைத் திறக்கக் கூடாது, அப்பாவும்தான், அவர்தான் முதலில் ‘நான் போட்டது, நானே எடுத்துவிடுகிறேன்’ என்பார். மாதிரி எடுப்பதையும் அகற்றுவதையும் பயிற்சி பெற்றவர்களே செய்யட்டும். இந்த ஒரு அறைக்குச் செலவு செய்யத் தயங்காதீர்கள். புதுச் சீலிங்குக்கு ஒதுக்கிய காசை இதற்கு மாற்றுங்கள். அக்காவும் குழந்தைகளும் அந்த வேலை முடிந்து, துடைத்துச் சுத்தம் செய்து, காற்றுப் பரிசோதனை சரி என்று வரும்வரை வேறு வீட்டில் இருக்கட்டும். அவர் இவ்வளவு நாள் அந்தச் சமையலறையில் சமைத்ததை நினைத்துக் கலங்க வேண்டாம். இந்த நோய்களில் ஆபத்து எவ்வளவு நார், எத்தனை காலம் என்பதைப் பொறுத்துக் கூடுகிறது. இனி வராமல் பார்த்துக்கொள்வதற்கு முழுப் பலன் உண்டு.

இனி அப்பா. பாய்லர் பகுதியில் இருபது வருடம் என்றால், காப்பைக் கழற்றுவது, மறுபடி சுற்றுவது, பாய்லர் கதவின் அஸ்பெஸ்டாஸ் கயிற்றை மாற்றுவது, பழைய கேஸ்கெட்டைச் சுரண்டுவது என்று எல்லாமே அவர் கையால் நடந்திருக்கும். வீட்டுச் சீலிங் வாழ்நாளில் கொடுக்கும் தூசியை அவர் ஒரே வாரத்தில் சுவாசித்திருக்கலாம். இந்த நோய்கள் உடனே வராது. மீசோதெலியோமா என்ற நெஞ்சுச் சவ்வுப் புற்றுநோய் 20, 30, 40 ஆண்டு கழித்துக்கூட வரும். நுரையீரல் தழும்பேறி மூச்சு வாங்கும் அஸ்பெஸ்டோசிஸும் மெதுவாகத்தான் தெரியும். நம் ஆட்கள் அதை ‘வயசாச்சு, இளைப்பு’ என்று விட்டுவிடுகிறார்கள், டாக்டரும் என்ன வேலை செய்தீர்கள் என்று கேட்பதில்லை. கேட்டாலும் ‘எஸ்டேட் வேலை’ என்ற பதிலோடு முடிந்துவிடுகிறது.

அதனால் நீங்களே கூடப் போங்கள். அரசாங்க கிளினிக்கில் ‘பாய்லர் காப்பு வேலை, அஸ்பெஸ்டாஸ், இந்த வருடத்திலிருந்து இந்த வருடம் வரை’ என்று தெளிவாகச் சொல்லி, கார்டில் எழுதச் சொல்லுங்கள். நெஞ்சு எக்ஸ்ரே, ஊதிப் பார்க்கும் நுரையீரல் சோதனை இரண்டையும் கேளுங்கள். ஏதாவது தெரிந்தால் சிரம்பான் துவாங்கு ஜாஃபார் மருத்துவமனைக்கு அனுப்புவார்கள். எக்ஸ்ரேயில் நெஞ்சுச் சவ்வில் தடிப்பு இருக்கிறது என்றால் பயந்துவிடாதீர்கள், அது அஸ்பெஸ்டாஸ் சுவாசித்ததற்கான அடையாளம், அதுவே புற்றுநோய் இல்லை. புகைபிடிப்பவராக இருந்தால் நிறுத்தியே ஆக வேண்டும். அஸ்பெஸ்டாஸும் சிகரெட்டும் சேரும்போது நுரையீரல் புற்றுநோய் ஆபத்து தனித்தனியாக இருப்பதைவிடப் பல மடங்கு எகிறுகிறது. இப்போது நிறுத்தினாலும் அந்த ஆபத்து குறையும்.

அம்மாவை மறந்துவிடாதீர்கள். ஆலையிலிருந்து வந்த சட்டையை உதறித் துவைத்தவர் அவர்தான். அப்படித் துணி துவைத்தே நோய் வந்த மனைவிமார் பல நாடுகளில் பதிவாகியிருக்கிறார்கள். அதே கிளினிக்கில் அவரையும் காட்டி, இந்த விவரத்தைச் சொல்லுங்கள்.

டாக்டர் இது வேலையால் வந்த நோய் என்று சந்தேகித்தால், 2004ஆம் ஆண்டு விதிமுறைப்படி ஏழு நாளுக்குள் வேலையிடப் பாதுகாப்பு சுகாதாரத் துறைக்கு அறிவிக்க வேண்டும். அதை நினைவுபடுத்தத் தயங்காதீர்கள். சொக்சோ என்ற தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு அமைப்பில் தொழில்சார் நோய்க்கு இழப்பீடு கேட்க வழி இருக்கிறது. ஆனால் பத்திரம் இல்லாமல் எதுவும் நகராது. அப்பாவின் பழைய சம்பளச் சீட்டு, இபிஎஃப் அறிக்கை, நியமனக் கடிதம், ஆலை அடையாள அட்டை எல்லாவற்றையும் ஒரு கோப்பில் போடுங்கள். எந்த ஆண்டு எந்தப் பகுதியில் வேலை, கூட வேலை செய்தவர்கள் யார் யார் என்று அவர் சொல்லச் சொல்ல எழுதி, தேதி போட்டுக் கையொப்பம் வாங்குங்கள். அந்தக் கூட்டாளிகளில் இன்னும் பகாவ் பக்கம் இருப்பவர்களிடமும் இதைச் சொல்லுங்கள், அவர்களும் அதே காப்பைக் கழற்றியவர்கள்தானே.